சாயாக் கோப்பையும் சத்து மாத்திரையும்



ஆனி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் தென்காசியின் முகமே மாறிவிடுகிறது. மேற்கே திரிகூட மலையின் உச்சியை மேகம் மூடிக்கொள்ளும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று, மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஒரு நீர்த்தூவலைச் சுமந்து வந்து முற்றத்தில் காயும் துணிகளையெல்லாம் நனைத்துவிட்டுப் போகும். அதைத்தான் நாங்கள் சாரல் என்கிறோம். குற்றாலத்தில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டது என்று செய்தி வந்ததும் எங்கிருந்தெல்லாமோ உறவினர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். அருவியில் நனைந்து, பற்கள் கிட்டிக்கொள்ள நடுங்கி வந்தவர்கள் கடையோரம் நின்று கண்ணாடி டம்ளரை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு தேநீர் அருந்துவதைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அவர்களுக்கு அதைவிடப் பெரிய நிஃமத் வேறொன்றும் இருக்க முடியாது.

இத்தகைய ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். தேநீரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் வீட்டில் சுபுஹு தொழுகை முடிந்ததும் ஒரு சாயா, காலைப் பசியாறும்போது ஒரு சாயா, பதினொரு மணிக்கு ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று, விருந்தினர் வந்தால் கணக்கே இல்லை. என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் கோப்பைகள் போட்டிருப்பேன் என்பதை அல்லாஹ்வே அறிவான். அப்படியிருந்தும் அதை எப்போது கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த மகள் இரண்டாவது பேறுகாலத்திற்காகத் தாய்வீடு வந்திருந்தாள். ஏழாம் மாதம். முகம் வெளுத்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கர்ப்பக் களைப்பு என்றே நான் எண்ணினேன். மருத்துவமனையில் இரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8.4 கிராம் என்று வந்தது. கர்ப்பிணிக்கு அது 11 கிராமுக்குக் குறையக் கூடாது. மருத்துவர் அம்மா சீட்டைப் பார்த்துவிட்டு என் மகளைப் பார்த்தார்.

“இரும்புச் சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?”

“ஒரு நாள்கூடத் தவறவில்லை டாக்டர். உம்மாதான் தினமும் எடுத்துத் தருகிறார்கள்.”

“எதோடு சாப்பிடுகிறாய்?”

“காலையில் இட்லி சாப்பிட்டதும், சாயாவோடு.”

மருத்துவர் அம்மா என் பக்கம் திரும்பினார். கோபிக்கவில்லை. “அம்மா, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்” என்றார். அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. மூன்று மாதங்களாக என் கையாலேயே மாத்திரையும், அதன் பயனை அழிக்கும் கோப்பையும் சேர்த்துக் கொடுத்து வந்திருக்கிறேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நடப்பது இதுதான். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்கள் சில உண்டு. டானின் என்று பொதுவாகச் சொல்கிறோம்; பாலிஃபீனால் என்பது விஞ்ஞானிகள் வழங்கும் பெயர். கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தும் மாத்திரையிலுள்ள இரும்புச் சத்தும் குடலை அடையும்போது தேநீரும் அங்கே வந்து சேர்ந்தால், இந்தத் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு கரையாத ஒன்றாக மாற்றிவிடுகின்றன. கரையாதது உடலில் சேராது. போதாக்குறைக்குத் தேநீரில் நாம் ஊற்றும் பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் இரும்பு சேர்வதைத் தடுக்கும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். இறைச்சியிலுள்ள இரும்பு வேறு வகை. அதைத் தேநீர் அவ்வளவாகத் தடுப்பதில்லை.

“நாம் இறைச்சி உண்பவர்களாயிற்றே, நமக்கு இரத்த சோகை வருமா?” என்று நம் பெண்கள் பலர் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். நானும் அப்படி எண்ணியவள்தான். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஆணம் காய்ச்சினால் கறித்துண்டுகள் யார் தட்டுக்குப் போகின்றன? ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறி முடித்தபின் சட்டியில் எஞ்சிய குழம்பையும் உருளைக்கிழங்கையும் சோற்றில் பிசைந்து உண்டு எழுந்திருப்பவர்கள் யார்? அதன்மேல் ஒரு சாயாவையும் குடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்த சோகை உடையவர்களாக இருந்தனர். நம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். பாதிக்கு மேல்! நம் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் அவர்களில் ஒருவர் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். இதற்கெல்லாம் தேநீர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வறுமை, குடற்புழு, அடுத்தடுத்த பிரசவம், மாதவிடாயின் மிகுதி என்று காரணங்கள் பல. ஆனால் மற்றவற்றை மாற்றக் காசும் காலமும் வேண்டும். கோப்பையை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கக் காசு வேண்டியதில்லை.

ஒரு மணி நேரம் என்பது என் சொந்தக் கணக்கன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதன் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகளில், உணவுக்கு முன் ஒரு மணி நேரமும் பின் ஒரு மணி நேரமும் தேநீர், காப்பி அருந்துவதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் புரோட்டாவும் கோழியும் தின்றுவிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் “சூடா ஒரு டீ!” என்று கேட்பவர்களின் காதில் இது ஏறுமா என்பது எனக்கு ஐயமே. வீட்டிலாவது ஏற வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் தேநீரை நான் வெறுத்துவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். அதன் கதை நம்மவர்களோடு நெருங்கிய தொடர்புடையது. சீன நாட்டில் மக்கள் ஓர் இலையை வெந்நீரில் இட்டு அருந்துகிறார்கள் என்னும் செய்தியைச் சீனத்துக்கு வெளியே முதன்முதலில் எழுதி வைத்தவர்களுள் அரபு வணிகர்கள் இருக்கிறார்கள். சுலைமான் என்னும் வணிகரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பயணக்குறிப்பு ஒன்று ஹிஜ்ரி 237, அதாவது கி.பி. 851 இல் எழுதப்பட்டது. அந்த இலை கசப்பும் மணமும் உடையது, நகரந்தோறும் விற்பனையாகிறது, சீன அரசருக்கு உப்பிலிருந்தும் இந்த இலையிலிருந்தும் வருவாய் கிடைக்கிறது என்ற செய்திகள் அதில் உள்ளன. ஐரோப்பியர் தேநீரை அறிவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது.

பெயரிலும் ஒரு விந்தை உண்டு. சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரை மக்கள் இதைத் ‘தே’ என்றனர். அங்கிருந்து டச்சுக் கப்பல்களில் ஏறிப் போன சொல்தான் ஆங்கிலத்தில் டீ ஆயிற்று. நம் தேயிலையின் ‘தே’யும் அதுவே. சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கிய ‘சா’ என்ற சொல் தரைவழியாகப் பாரசீகம் சென்று சாய் ஆகி, அரபியில் ஷாய் ஆகி, மலையாளத்தில் சாயா ஆயிற்று. எங்கள் ஊர் மலையாள நாட்டின் வாசற்படியில் இருப்பதால் இரண்டு சொல்லும் இங்கே புழங்குகின்றன. கடைத்தெருவில் டீ, வீட்டுக்குள் சாயா.

தமிழ்நாட்டுக் காப்பியின் வரலாற்றை எழுதிய ஆ.இரா. வேங்கடாசலபதி, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பி நடுத்தர வர்க்கத்தின் பெருமிதமாகவும், தேநீர் உழைப்பாளர் பானமாகவும் கருதப்பட்டதை எடுத்துக்காட்டியிருக்கிறார். எங்கள் பகுதி முஸ்லிம்களுக்குத் தேநீர் வெறும் பானமாக மட்டும் இருக்கவில்லை. பலருக்குப் பிழைப்பாகவும் இருந்தது. தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் ஏராளமான குடும்பங்கள் சிங்கப்பூருக்குப் போய்த் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறின. கடையநல்லூர்க்காரர்கள் அங்கே அமைத்துக்கொண்ட முஸ்லிம் லீக், 1946 இல் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியையே நிறுவியது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம்மவர்கள் வைத்திருந்த சிறு தேநீர்க் கடைகளுக்குச் சரபத் கடை என்று பெயர். நாம் ‘சர்பத்’ என்று சொல்லும் அரபுச் சொல்லேதான். அங்கே பிறந்ததுதான் ‘தே தாரிக்’. தாரிக் என்றால் மலாய் மொழியில் இழுத்தல். கெட்டிப் பால் சேர்த்த தேநீரை ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்குக் கை நீளத்துக்கு இழுத்து இழுத்து ஆற்றுவது.

என் வாப்பா அப்படியொரு கடையில் பல ஆண்டுகள் நின்றவர்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் அஸர் தொழுதுவிட்டு அடுக்களைக்குள் வந்து, “இன்று சாயா என் பொறுப்பு” என்பார்கள். பித்தளைச் செம்பு ஒன்றை மேலே உயர்த்தி, கீழே ஒரு செம்பைப் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் இழுப்பார்கள். பிள்ளைகள் நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். அது வேடிக்கை என்றுதான் அன்று நினைத்தோம். அதில் எவ்வளவு பெரிய பயன் இருக்கிறது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இலை எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ தேயிலை ஆக நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். இரண்டு இலையும் ஒரு குருத்துமாக அதைக் கிள்ளுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். நம் திருநெல்வேலிச் சீமையின் மாஞ்சோலைத் தோட்டம் 1929 இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கிய நிலத்தில் உருவானது. கூலி உயர்வு கேட்ட அத்தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலம் தாமிரபரணிக் கரையில் தடியடியில் முடிந்து, ஒரு குழந்தை உட்பட 17 உயிர்கள் போயின. 2024 இல் தோட்டப் பணியும் நின்று, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் மலையை விட்டு இறங்க நேர்ந்தது. நம் கோப்பையின் ஒவ்வொரு மிடறிலும் யாரோ ஒரு பெண்ணின் விரல் இருக்கிறது.

இனி, நன்மைக்கு வருவோம். தேநீரில் உள்ள கஃபீன் மயக்கத்தைப் போக்கிச் சுறுசுறுப்பைத் தருகிறது. தியானின் என்று ஒரு பொருளும் அதில் உண்டு; அது மனத்தை அமைதிப்படுத்தும் தன்மையுடையது. இரண்டும் சேர்வதால்தான் காப்பியைப் போலப் படபடப்பின்றி, தேநீர் நிதானமான ஒரு தெளிவைத் தருவதாகச் சொல்கிறார்கள். 2022 ஆம் ஆண்டு பிரிட்டனில் ஏறக்குறைய 5 இலட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலக் கறுப்புத் தேயிலை குடிப்பவர்கள். நாளொன்றுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடையே மரண விகிதம், குடியாதவர்களைவிட நூற்றுக்கு 9 முதல் 13 வரை குறைவாக இருந்தது. பால் சேர்த்தவர்களிடமும் அந்த வேறுபாடு காணப்பட்டது. ஆனால் இது வெறுமனே கவனித்துப் பார்த்த ஆய்வு. தேநீர்தான் ஆயுளைக் கூட்டியது என்று இதைக் கொண்டு அறுதியிட முடியாது. ஆயுள் அல்லாஹ்வின் கையில். அளவோடு குடித்தால் தேநீர் பகையன்று என்ற மட்டில் நாம் நிம்மதி கொள்ளலாம். இன்னொரு நன்மையை யாரும் எழுதுவதில்லை: தேநீர் என்பது கொதித்த தண்ணீர். சாரல் காலத்தில் வெளியூர் போய்க் கண்ட கண்ட இடத்துப் பச்சைத் தண்ணீரைக் குடிப்பதைவிட, கண்முன்னே கொதிக்கும் தேநீர் வயிற்றுக்குப் பாதுகாப்பானது. பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை என்று விலையைக் கூட்டி விற்கிறார்களே, இரண்டும் ஒரே செடியின் இலைதான். பதப்படுத்தும் முறையில்தான் வேற்றுமை. பச்சைத் தேயிலை குடித்தால் உடல் இளைத்துவிடும் என்பதை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள்.

அளவு என்றேன். ஒரு கோப்பைத் தேநீரில், அதாவது 150 மில்லியில், 30 முதல் 65 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது மேலே சொன்ன வழிகாட்டியின் கருத்து. கர்ப்பிணிகள் 200 க்குள் நிறுத்திக்கொள்வது நலம் என்று மேல்நாட்டு மருத்துவர்கள் கூறுகிறார்கள். எங்கள் வீட்டுக் கணக்குப்படி அது மூன்று கோப்பையோடு முடிந்துவிடுகிறது. மாலை மயங்கியபின் குடித்தால் இஷாவுக்குப் பின்னும் கண் கொட்டாது. கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகிறது.

சர்க்கரையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் ஐந்து கோப்பைக்குப் பத்துக் கரண்டி. ஏறக்குறைய 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்னது, இயன்றால் 25 கிராமுக்குள் என்று. நீரிழிவு இல்லாத வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. பிறகு ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோம்.

சூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பொறுக்க முடியாத சூட்டில் குடிப்பதை ஒரு வீரமாக நினைப்பவர்கள் நம்மில் உண்டு. 2016 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் பானங்கள் உணவுக் குழாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அறிவித்தது. ஈரானில் கோலஸ்தான் என்னும் மாநிலத்தில் தேநீரை மிகச் சூடாகக் குடிப்பது வழக்கம். அங்கே 50,000 பேரைக் கவனித்து 2019 இல் வெளியிட்ட ஆய்வும் இந்த அச்சத்தை உறுதிப்படுத்தியது. குற்றம் இலையினுடையதன்று, சூட்டினுடையது. வெந்நீரானாலும் அதே கதைதான்.

சரி, ஊதிக் குடித்தால் ஆகாதா? பாத்திரத்தினுள் மூச்சு விடுவதையும் ஊதுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை அபூதாவூதிலும் திர்மிதியிலும் காண்கிறோம். ஊதக் கூடாது, சூடாகவும் குடிக்கக் கூடாது என்றால் இருக்கும் வழி ஒன்றே: ஆற்ற வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். என் வாப்பா பித்தளைச் செம்பில் இழுத்தது நினைவுக்கு வருகிறதா? உயரத்திலிருந்து விழும் தேநீரின் தாரை காற்றில் பட்டுச் சூடு தணிகிறது. நான்கைந்து முறை ஆற்றி, கோப்பையில் ஊற்றி, ஒரு யாஸீன் ஓதும் நேரமெல்லாம் வேண்டாம், மூன்று நான்கு நிமிடம் பொறுத்தால் போதும். நுரையும் மணமும் கூடுதல் இலாபம்.

ரமலானைப் பற்றியும் ஒரு சொல். நோன்பின் முதல் இரண்டு மூன்று நாட்களில் பிற்பகல் ஆனதும் பலருக்குத் தலை வெடித்துவிடும் போல வலிக்கும். பசியால் வந்தது என்று எண்ணுவோம். பெரும்பாலும் அது தேநீர் கிடைக்காத உடல் போடும் சண்டை. நாள்தோறும் நாலு கோப்பை குடித்துப் பழகியவர்கள் ஷஃபான் மாதத்தின் பாதியிலேயே நாளுக்கொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தால் இந்தத் தொல்லை பெருமளவு இராது. நான் மூன்று ஆண்டுகளாகச் செய்கிறேன், அல்ஹம்துலில்லாஹ், தலைவலி இல்லை. நோன்பு திறந்ததும் வெறும் வயிற்றில் கடும் சாயாவை ஊற்றாமல், பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும் போனபின், மஃரிபு தொழுது, இன்னும் சற்றுப் பொறுத்துக் குடித்தால் நெஞ்செரிச்சல் வராது.

இனித் தயாரிக்கும் முறை. நாற்பது ஆண்டு அடுக்களைவாசியின் உரிமையோடு சொல்கிறேன், நம்மில் பெரும்பாலோர் தேநீரைப் போடுவதில்லை, வேக வைக்கிறோம். தண்ணீர், பால், தூள், சர்க்கரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பத்து நிமிடம் கொதிக்க விடுகிறோம். நேரம் ஆக ஆக இலையிலிருந்து துவர்ப்பு முழுவதும் இறங்குகிறது. துவர்ப்பை மறைக்கச் சர்க்கரையைக் கூட்டுகிறோம். மணமோ ஆவியாகப் போய்விடுகிறது.

நாலு பேருக்கு என் கணக்கு இது. குழாயில் வரும் ஆற்று நீர் 400 மில்லி. ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் வேண்டாம். அதில் போட்ட தேநீரின் மேல் ஆடை போல ஒரு படலம் மிதக்கும், நிறமும் மங்கும். முன்னமே கொதித்து ஆறிய நீரையும் தவிர்த்துப் புதுத் தண்ணீராக வையுங்கள். சுண்டுவிரல் நுனியளவு இஞ்சியைத் தோல் சீவித் தட்டி, இரண்டு ஏலக்காயோடு அந்தத் தண்ணீரிலேயே இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். பச்சை இஞ்சியைப் பாலில் நேரே போட்டால் பால் திரிந்துவிடும். என் சின்ன மருமகள் திருமணமான புதிதில் அப்படித் திரிய விட்டு அழுதிருக்கிறாள். சுவனவாசிகளுக்கு இஞ்சி கலந்த பானம் புகட்டப்படும் என்று திருமறையின் அத்தஹ்ர் அத்தியாயம் கூறுவதை நினைத்துக்கொண்டே நான் இஞ்சி தட்டுவது வழக்கம்.

கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, தலை தட்டிய சிறு கரண்டியால் நாலு கரண்டி தூளைப் போட்டு மூடிவிடுங்கள். மூன்று நிமிடம் போதும். தூள் என்பது 1930 இல் அஸ்ஸாமில் மெக்கர்ச்சர் என்பவர் உருவாக்கிய இயந்திரத்தால் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்யப்படுவது. விரைவில் சாறு இறங்கிவிடும். முழு இலையானால் ஐந்து நிமிடம் வேண்டும். பச்சைத் தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது, கசந்துவிடும். கொதி அடங்கிச் சில நிமிடம் கழித்து ஊற்றி, இரண்டு நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். வடிகட்டும்போது சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழியாதீர்கள். பிழிந்து வருவது வெறும் துவர்ப்பு. தனியே காய்ச்சிய பால் 200 மில்லியைச் சேர்த்து, சர்க்கரையை அவரவர் கோப்பையில் போட்டு, ஆற்றிக் கொடுங்கள். பால் இல்லாமல் எலுமிச்சை பிழிந்து குடிக்கும் சுலைமானிக்குத் தூள் பாதி போதும். விருந்தில் பிரியாணிக்குப் பின் அதைக் கொடுக்கிறார்கள். எலுமிச்சையின் வைட்டமின் சி, இரும்பின் இழப்பைச் சிறிது ஈடு செய்யும். ஆயினும் கர்ப்பிணிகள் அதையும் ஒரு மணி நேரம் தள்ளியே குடிக்கட்டும்.

தூளை மசாலாப் பொருள்களின் பக்கத்தில் வைக்காதீர்கள். தேயிலை அயல் மணத்தை எளிதில் வாங்கிக்கொள்ளும். வாங்கும்போதும் கவனம் வேண்டும். பயன்படுத்திய சக்கையைக் காயவைத்துச் சாயமேற்றி விற்கும் பாவிகள் இருக்கிறார்கள். வெள்ளை வடிதாள் அல்லது மை ஒற்றும் தாளில் சிறிது தூளைப் பரப்பி, சில சொட்டுத் தண்ணீர் தெளித்து, தூளை அகற்றிவிட்டுத் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தூள் அவ்வளவாகக் கறை விடாது. சாயமேற்றியது உடனே கரும்பழுப்பாய்ப் படியும். காந்தத் துண்டைத் தூளின்மேல் ஓட்டினால் இரும்புத்தூள் கலந்திருந்தால் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளைக் கொண்டு செய்யச் சொல்லுங்கள், விளையாட்டாகவும் இருக்கும்.

என் மகளின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். மருத்துவர் அம்மா மாத்திரையை இரவுக்கு மாற்றினார். இரவு உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீரோடு. கால்சியம் மாத்திரை பகலில் தனியாக. முருங்கைக் கீரையும் ஆட்டு இறைச்சியும் அவள் தட்டுக்கு முதலில் போயின. இதற்கு நான் வீட்டில் கொஞ்சம் குரல் உயர்த்த வேண்டியிருந்தது. சுபுஹு சாயாவையும் பதினொரு மணிச் சாயாவையும் நிறுத்தினேன். காலைப் பசியாறும்போது கோப்பை இல்லையென்று முதல் வாரம் அவளும் முணுமுணுத்தாள், அவள் வாப்பாவும் முணுமுணுத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 10.2 கிராம். இன்னும் குறைவுதான், ஆனாலும் இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரவில்லை. ஆண்குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது.

நாற்பதாம் நாள் சம்பந்தியம்மா வந்திருந்தார்கள். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் பரிமாறினேன். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டு, “என்ன மச்சி, சாயா இல்லையா?” என்று சிரித்தார்கள்.

“இருக்கிறது மச்சி. பேரனை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருங்கள். ஒரு மணி நேரத்தில் தருகிறேன்.”

கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டார்கள்.